சிறு நிறுவனத்தில் தொழிலாளர் தகராறு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்களிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மனிதவளத் துறை என்று தனியாக எதுவும் இல்லை; நிரந்தர வக்கீலும் இல்லை. தொழிலாளர் சட்டத்தில் எந்தப் பக்கத்திலிருந்து சிக்கல் வரும்? எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? வேலையில் திருப்தி தராத ஒருவரை இந்த மாதமே நிறுத்திவிடலாம் என்றும் நினைக்கிறேன்.

பதில்:

உங்கள் கடைசி வாக்கியத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை இந்த மாதம் அனுப்ப வேண்டாம். அவரை நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் அந்தக் காரணம் இன்றுவரை எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா, அவரிடம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. இல்லையென்றால், நீங்கள் செய்ய நினைப்பது சரியான செயலாகவே இருந்தாலும், பின்னால் அதைச் சரியென்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

சிறு நிறுவனங்களில் எழும் தகராறுகள் பலவற்றுக்கும் அடியில் இதே குறைதான் இருக்கிறது. முதலாளி கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சட்டத்தை மீற வேண்டும் என்று நினைத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு முடிவை அவசரமாக எடுப்பார், வாய்மொழியாகச் சொல்வார், காரணத்தை எழுதமாட்டார். மாதங்கள் கழித்து ஓர் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து, அன்று என்ன நடந்தது என்று நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். எதிரே இருப்பவரிடம் கைப்பேசிச் செய்திகள் முழுவதும் பத்திரமாக இருக்கும்.

நீங்கள் எந்த நாட்டில் தொழில் நடத்துகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. தொகைகளும் கெடுக்களும் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் நாட்டுச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கல் பிறக்கும் இடங்கள் மட்டும் அநேகமாக எங்கும் ஒன்றுதான். அதனால் வெவ்வேறு நாடுகளின் தீர்ப்புகளையும் சட்டங்களையும் எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்ற வேண்டும். 'நாங்கள் சின்ன நிறுவனம், எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது' என்று பலர் நம்புகிறார்கள். இதில் அரை உண்மை இருப்பதால்தான் ஆபத்து. பல சட்டங்கள் ஆள் எண்ணிக்கையை வைத்துத்தான் தொடங்குகின்றன. அமெரிக்காவில் இனம், மதம், பாலினம் சார்ந்த பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குத்தான் பொருந்தும். வயதுப் பாகுபாட்டுக்கு அந்த வரம்பு 20. ஆனால் அதே அமெரிக்காவில், இன அடிப்படையில் ஒப்பந்த உரிமையை மறுப்பதைத் தடுக்கும் பழைய சட்டம் ஒன்றுக்கு ஆள் வரம்பே கிடையாது. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் அது பொருந்தும். மாநிலச் சட்டங்களின் வரம்புகள் தனி. ஜெர்மனியில் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான். இருந்தாலும், சிறு நிறுவனத் தொழிலாளியையும் மனம்போன போக்கில் நீக்கிவிட முடியாது, குறைந்தபட்சப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு என்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1998இல் சொல்லிவிட்டது. ஊதியம், பாதுகாப்பு, ஒப்பந்தம் ஆகிய மூன்றிலும் பெரும்பாலான கடமைகள் முதல் ஆளை வேலைக்கு எடுத்த நாளிலேயே தொடங்கிவிடுகின்றன. ஆகவே உங்கள் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய முதல் காரியம், எந்தச் சட்டம் எத்தனை பேரில் தொடங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிவைப்பதுதான். பத்தாவது ஆளை எடுக்கும்போது எது மாறும் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

அந்த ஒன்பது பேர் உண்மையிலேயே ஒன்பது பேர்தானா என்றும் பாருங்கள். 'அவர் எங்கள் ஊழியர் அல்லர், ஃப்ரீலான்சர்' என்று நீங்கள் சொல்லும் யாராவது இருக்கிறாரா? தினமும் நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து, நீங்கள் கொடுத்த கணினியில், உங்கள் வேலையை மட்டும் செய்துவிட்டு, மாதக் கடைசியில் ஒரு பில் கொடுப்பவர்? அப்படியானால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் உங்கள் தொழிலாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006இல் வெளியிட்ட பரிந்துரை இதையே சொல்கிறது: வேலை நடக்கும் விதமும் ஊதியம் தரப்படும் விதமும்தான் உறவைத் தீர்மானிக்க வேண்டும், தரப்பினர் அதற்கு வைத்த பெயர் பெரிதில்லை.

பிரிட்டனில் 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்றில், கார்களைக் கழுவித் துடைப்பவர்களிடம் நிறுவனம் கையெழுத்து வாங்கியிருந்த ஒப்பந்தம் மிகத் தெளிவாக இருந்தது. நீங்கள் சுயதொழில் செய்பவர்கள், உங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பலாம், வேலை தர எங்களுக்குக் கடமை இல்லை. நடைமுறையில் அவர்கள் நாள்தோறும் வர வேண்டியிருந்தது. பதிலாளை அனுப்புவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நீதிமன்றம் காகிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நடைமுறையைப் பார்த்தது. பத்தாண்டு கழித்து, 2021இல், ஊபர் ஓட்டுநர்கள் வழக்கிலும் அதே நீதிமன்றம் அதே வழியில் சென்றது. கலிபோர்னியாவில் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இன்னும் கடுமையானது. வேலை செய்பவரைத் தொழிலாளி என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்பவர், அவர் தம் கட்டுப்பாட்டில் இல்லை, அவருடைய வேலை தம் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்கிறது, அவர் அந்தத் தொழிலைத் தனியாக நடத்துகிறார் என்ற மூன்றையும் நிரூபிக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அவர் தொழிலாளிதான்.

இந்தத் தவறு பெரும் செலவு வைப்பதற்குக் காரணம், அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒருவர் தொழிலாளி என்று முடிவானால் விடுப்பு ஊதியம், மிகைநேர ஊதியம், சமூகப் பாதுகாப்பு நிதிப் பங்களிப்பு, பிடித்திருக்க வேண்டிய வரி எல்லாம் பின்தேதியிட்டு வரும். ஒருவர் கேட்டது அப்படியே அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் பொருந்தும்.

அடுத்தது ஊதியமும் நேரமும். சிறு நிறுவனங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பணிநீக்க வழக்கில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இடம் இருக்கிறது. ஊதிய வழக்கில் அது குறைவு. எத்தனை மணி நேரம் வேலை நடந்தது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற இரண்டே கேள்விகள். முதல் கேள்விக்கு உங்களிடம் பதிவேடு இல்லையென்றால் என்ன ஆகும்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இல் இதற்குப் பதில் சொன்னது. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருகை அட்டையைப் பதிந்த பின் தங்கள் மேசைக்கு நடந்துபோய் வேலைக்கு ஆயத்தமாகும் நேரத்துக்கும் ஊதியம் கேட்டார்கள். சரியான கணக்கு இல்லை. நேரப் பதிவை வைக்க வேண்டிய கடமை முதலாளியுடையது. அவர் வைக்காத குறைக்காகத் தொழிலாளியைத் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். தொழிலாளி நியாயமாக ஊகிக்கக்கூடிய அளவுக்கு ஓர் ஆதாரம் காட்டினால் போதும். அது தவறு என்று காட்டும் பொறுப்பு முதலாளிக்குப் போய்விடும். நடக்கும் நேரத்துக்கான ஊதியத்தை அமெரிக்க நாடாளுமன்றம் மறு ஆண்டே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்திவிட்டது. பதிவேட்டைப் பற்றிய அந்தக் கொள்கை மட்டும் இன்றும் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019இல் வேறு வழியாக வந்து இதே இடத்தில் நின்றது: ஒவ்வொரு தொழிலாளியின் தினசரி வேலை நேரத்தையும் அளக்க நம்பகமான, புறவயமான ஒரு முறை இருந்தாக வேண்டும் என்றது.

இதன் பொருளை உங்கள் அலுவலகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 'எங்களிடம் எல்லாருக்கும் மாதச் சம்பளம், அதனால் ஓவர்டைம் கிடையாது' என்பது மிகப் பரவலான தவறு. மாதச் சம்பளம் என்பது கொடுக்கும் முறை. மிகைநேர ஊதியம் உண்டா இல்லையா என்பதை அவருடைய வேலையின் தன்மையும் சம்பள அளவும் தீர்மானிக்கின்றன. மேலாளர் என்று பதவிப் பெயர் கொடுத்துவிட்டால் விலக்கு கிடைத்துவிடும் என்பதும் தவறு. உண்மையில் யாரையாவது மேற்பார்வை செய்கிறாரா, தானாக முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்கு நீங்கள் அனுப்பும் செய்திக்கு அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பதில் தயாரித்தால், பல நாடுகளில் அது வேலை நேரம். அந்தச் செய்தியே அவருடைய சாட்சியமும்கூட.

சம்பளத்தில் பிடித்தம் செய்வது இன்னொரு பொறி. உடைந்த பொருளுக்காக, காணாமல் போன பணத்துக்காக, திருப்பித் தராத மடிக்கணினிக்காகக் கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துவைப்பதை முதலாளிகள் இயல்பான உரிமையாக நினைக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையிலிருந்தே இதற்கு எதிரான விதி இருக்கிறது: சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ அனுமதிக்கும் அளவுக்கு மேல் பிடிக்க முடியாது. மடிக்கணினியைக் கேட்டு வாங்க வேறு வழிகள் உண்டு. செய்து முடித்த வேலைக்கான கூலியை அடமானமாக வைத்துக்கொள்வது அந்த வழிகளில் ஒன்றல்ல. வேலையை விட்டுப் போகிறவரின் இறுதிக் கணக்கைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். கணக்கு இழுபடும் வாரங்களில்தான், வக்கீலைத் தேடாமல் போயிருக்கக்கூடிய ஒருவர் வக்கீலைத் தேடுகிறார்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது, என் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்ததை உரிய இடத்தில் கட்டாமல் இருந்தால் அந்தக் கவசம் பல நாடுகளில் விலகிவிடும். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக்காகத் தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுச் செலுத்தாமல் இருப்பது குற்றவியல் சட்டப்படியே நம்பிக்கை மோசடி. அமெரிக்காவில் பிடித்த வரியைக் கட்டாவிட்டால், அதற்குப் பொறுப்பான தனிநபரிடமிருந்தே வசூலிக்க முடியும். பணத் தட்டுப்பாடு வரும் மாதத்தில் எந்தப் பாக்கியை வேண்டுமானாலும் கடன்காரரிடம் பேசித் தள்ளிப்போடுங்கள். இதை மட்டும் தொடாதீர்கள்.

நியமன ஆணையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வேலை, இடம், நேரம், சம்பளம், அது தரப்படும் நாள், விடுப்பு, தகுதிகாண் காலம், இரு பக்க முன்னறிவிப்புக் காலம் இவ்வளவும் இரண்டு பக்கங்களில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, இவற்றில் முக்கியமானவற்றை வேலையில் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்கிறது. இணையத்தில் கிடைக்கும் பெரிய நிறுவனத்தின் நாற்பது பக்கக் கையேட்டை எடுத்துப் பெயரை மாற்றி வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் மூன்று எச்சரிக்கைகளுக்குப் பிறகே பணிநீக்கம் என்று இருக்கும். நீங்கள் ஒரு எச்சரிக்கையும் தராமல் நீக்குவீர்கள். உங்கள் விதியை நீங்களே மீறினீர்கள் என்று அந்தக் கையேடே உங்களுக்கு எதிராக வரும். உங்களால் நடைமுறைப்படுத்த முடிந்ததை மட்டும் எழுதுங்கள். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையையும் சும்மா சேர்க்க வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு 1872லிருந்தே தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாததாக்கி வைத்திருக்கிறது, கலிபோர்னியாவிலும் அப்படியே. வாடிக்கையாளர் பட்டியலும் தொழில் இரகசியமும் காக்கப்பட வேண்டுமானால் இரகசியக் காப்புப் பிரிவைத் தெளிவாக எழுதுவது அதைவிட உறுதியாக நிற்கும்.

இப்போது நீங்கள் நிறுத்த நினைக்கும் ஊழியரிடம் வருவோம்.

உலகம் முழுவதும் பணிநீக்கச் சட்டத்தின் எலும்புக்கூடு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் எண் உடன்படிக்கையில் இருக்கிறது. அதை ஏற்பளிக்காத நாடுகள் பல. ஏற்பளிக்காதவற்றின் சட்டங்களிலும் அதே எலும்புகள் தென்படுகின்றன. நீக்குவதற்கு அவருடைய திறமை, நடத்தை அல்லது நிறுவனத்தின் தேவை சார்ந்த செல்லத்தக்க காரணம் வேண்டும். நடத்தையோ செயல்திறனோ காரணமென்றால், அவர் தம் பக்கத்தைச் சொல்ல முன்கூட்டியே வாய்ப்புத் தர வேண்டும். முன்னறிவிப்போ அதற்கு ஈடான பணமோ தர வேண்டும். காரணம் இல்லை என்பதைத் தொழிலாளி மட்டுமே நிரூபிக்க வேண்டும் என்று விட்டுவிடக் கூடாது.

அமெரிக்காவில் பெரும்பாலும் காரணம் சொல்லாமலே நீக்கலாம் என்பது உண்மை. மோன்டானா மாநிலம் மட்டும் 1987லிருந்து தகுதிகாண் காலத்துக்குப் பின் நல்ல காரணம் வேண்டும் என்கிறது. ஆனால் 'காரணம் வேண்டாம்' என்பதும் 'எந்தக் காரணமும் செல்லும்' என்பதும் வேறு வேறு. கருவுற்றிருக்கிறார், புகார் கொடுத்தார், மிகைநேர ஊதியம் கேட்டார், சங்கத்தில் சேர்ந்தார் என்பதற்காக நீக்கினால் அங்கேயும் அது சட்டவிரோதம். நீங்கள் காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு காரணத்தை எழுதி நிரப்புவார். ஆகவே காரணம் கேட்காத நாட்டிலும் காரணத்தை எழுதிவைப்பதே பாதுகாப்பு.

ஆகவே உங்களை நீங்களே கேட்க வேண்டியது: 'ஏன் இப்போது?' அவர் வேலை ஓராண்டாகவே சரியில்லை என்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏன் போன மாதம் நீக்கவில்லை? இந்த மாதத்தில் மட்டும் என்ன நடந்தது? அவர் மருத்துவ விடுப்புக் கேட்டாரா? சம்பளக் கணக்கில் தவறு என்று சொன்னாரா? சென்ற ஆண்டு அவருக்கு ஊதிய உயர்வு கொடுத்து, நன்றாகச் செய்கிறீர்கள் என்று செய்தி அனுப்பியிருந்தீர்களா? அந்தப் பாராட்டுச் செய்தியும் உங்கள் பணிநீக்கக் கடிதமும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும். மனம் நோகக் கூடாது என்று உண்மையைச் சொல்லாமல் பாராட்டிக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று நீக்குவதை நான் மிகவும் கொடுமையானதாகக் கருதுகிறேன். திருத்திக்கொள்ள அவருக்கு இருந்த வாய்ப்பு அதில் பறிபோகிறது. சட்டம் அதை விரும்பாததில் வியப்பில்லை.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. அவரை அழைத்து, எந்த வேலையில், எந்தத் தேதியில், என்ன குறை என்று இரண்டு மூன்று திட்டவட்டமான நிகழ்வுகளோடு சொல்லுங்கள். 'ஈடுபாடு இல்லை', 'மனப்பான்மை சரியில்லை' போன்ற சொற்களைத் தவிருங்கள். அவற்றை அளக்க முடியாது, நிரூபிக்கவும் முடியாது. அவர் சொல்லும் பதிலைக் கேளுங்கள். பயிற்சி போதவில்லை, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை என்று அவர் சொன்னால், அது பல நேரங்களில் உண்மையாகவே இருக்கும். எது மாற வேண்டும், எந்தத் தேதிக்குள் மாற வேண்டும், மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்றே ஒரு கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். கெடு நியாயமாக இருக்கட்டும். இடையில் ஒருமுறை பார்த்துப் பேசுங்கள், அதையும் குறித்துவையுங்கள். இதற்குப் பிறகும் மாற்றமில்லை என்றால் நீங்கள் எழுதும் பணிநீக்கக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். தகுதிகாண் காலத்தில் இருப்பவர் என்றால் பல நாடுகளில் நடைமுறை எளிது. அந்தக் காலம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள், முடிந்த பிறகு நினைவுக்கு வந்தால் பயனில்லை.

திருட்டு, கையாடல், அடிதடி போன்றவை வேறு வகை. அங்கே வாரக்கணக்கில் திருந்த வாய்ப்புத் தர வேண்டியதில்லை. ஆனால் விசாரணை வேண்டும். பிரிட்டனில் 1978இல் பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோல் சிறு முதலாளிக்கு மிகவும் உதவும்: அவர் தவறு செய்தார் என்று நீங்கள் உண்மையாகவே நம்பினீர்களா, அப்படி நம்ப நியாயமான அடிப்படை இருந்ததா, நம்புவதற்கு முன் நியாயமான அளவுக்கு விசாரித்தீர்களா? குற்றவியல் நீதிமன்றத்தில்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, முடிந்தால் புகார் சொன்னவர் அல்லாத ஒருவரை வைத்து விசாரிக்க வேண்டும். ஒன்பது பேர் உள்ள இடத்தில் அப்படி ஓர் ஆள் கிடைப்பது கடினம். வெளியிலிருந்து ஒருவரை ஒரு நாளைக்கு அமர்த்துவது வீண்செலவு ஆகாது.

கட்டாயப்படுத்தி ராஜினாமா எழுதி வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலர் புத்திசாலித்தனமான வழியாக நினைக்கிறார்கள். 'நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், சான்றிதழ் நன்றாகத் தருகிறேன்' என்று கதவை மூடிக்கொண்டு சொல்வது, வேலையைப் பறித்துக்கொண்டு அவரே போகும்படி செய்வது, இவையெல்லாம் பல நாடுகளில் பணிநீக்கமாகவே கருதப்படும். அப்போது உங்களிடம் விசாரணையும் இருக்காது, முன்னறிவிப்பும் இருக்காது. நேர்மையற்ற முறை என்ற கறையும் சேர்ந்துகொள்ளும்.

பாலியல் துன்புறுத்தல், சாதி, மதம், இனம் சார்ந்த இழிவு போன்ற புகார்களில் சிறு நிறுவனத்துக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. புகார் உரிமையாளர் மீதோ அவருடைய உறவினர் மீதோ இருக்கலாம்; அப்போது யாரிடம் போவது? பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்யும் பெண்களும், முதலாளியின் மீதே புகார் உள்ள பெண்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். உங்கள் நாட்டில் அப்படி ஓர் அமைப்பு இருந்தால் அதன் விவரத்தை அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். இல்லையென்றால் குடும்பத்துக்கு வெளியே, தொழிலாளர்கள் நம்பக்கூடிய ஒருவரைப் புகார் பெறுபவராக அறிவியுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998இல் ஒரே நாளில் கொடுத்த இரு தீர்ப்புகள், தடுக்கவும் திருத்தவும் நியாயமான அக்கறை எடுத்த முதலாளிக்குச் சில சூழல்களில் தற்காப்பு உண்டு என்றன. கொள்கையைக் காகிதத்தில் வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் இருந்தவருக்கு அந்தத் தற்காப்பு கிடைக்காது.

புகார் வந்த பிறகு நீங்கள் நடந்துகொள்ளும் விதம், புகாரைவிடப் பெரிய வழக்காக மாறக்கூடும். பழிவாங்கல் என்பது தனிக் குற்றச்சாட்டு. மூலப் புகார் நிரூபிக்கப்படாமல் போனாலும் அது தனியாக நிற்கும். அமெரிக்க ரயில்வே நிறுவனம் ஒன்றில் சுமைதூக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், மேலாளரின் நடத்தையைப் பற்றிப் புகார் செய்த பின் தண்டவாளத்தில் கடினமான வேலைக்கு மாற்றப்பட்டார். பிறகு 37 நாள் சம்பளமின்றித் தற்காலிக நீக்கத்தில் வைக்கப்பட்டார். அந்தச் சம்பளம் பின்னால் தரப்பட்டது. அப்படியும் இது பழிவாங்கல்தான் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது: நியாயமான ஒரு தொழிலாளியைப் புகார் கொடுக்கவிடாமல் தயங்கச் செய்யும் எதுவும் போதும் என்றது. புகார் கொடுத்தவரின் வேலை நேரத்தை மாற்றுவது, கூட்டங்களுக்கு அழைக்காமல் விடுவது, பழைய தவறுகளைத் தோண்டி எடுத்து மெமோ கொடுப்பது எல்லாமே இந்தக் கண்ணில் பார்க்கப்படும். புகார் வந்த பின் அவர் மீது எந்த நடவடிக்கை எடுப்பதாக இருந்தாலும், அதற்கு முன் ஒருமுறை வக்கீலிடம் கேளுங்கள். நிரந்தர வக்கீல் இல்லாதவரும் பணம் செலவழிக்க வேண்டிய சமயங்கள் என்று நான் சொல்வது மூன்று: இது, நீண்ட காலம் வேலை செய்த ஒருவரை நீக்குவது, ஒரே நேரத்தில் பலரைக் குறைப்பது.

ஏற்கெனவே வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால், முதலில் கெடுத் தேதியைப் பாருங்கள். பதிலளிக்காமல் விட்டால், உங்கள் தரப்பைக் கேளாமலே முடிவு வரக்கூடும். அடுத்ததாக எதையும் அழிக்காதீர்கள். கைப்பேசிச் செய்தி, வருகைப் பதிவு, கேமராப் பதிவு எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றுங்கள். உங்களுக்கு எதிரானதையும் சேர்த்துத்தான். பழைய தேதியிட்டு இன்றைக்கு எச்சரிக்கைக் கடிதம் தயாரிக்கும் ஆசை பலருக்கு வரும். மின்னணுக் கோப்பு எப்போது உருவாக்கப்பட்டது என்பது எளிதில் வெளியே வந்துவிடும், அதன் பிறகு உங்கள் உண்மையான ஆவணங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். மற்ற ஊழியர்களைக் கூட்டி வைத்து அவரைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் அடுத்து வேலை தேடும் இடத்துக்குத் தொலைபேசியில் எச்சரிக்கவும் வேண்டாம்.

தொழிலாளர் தகராறுகளுக்கென்று காப்பீடு கிடைக்கும் நாடுகளில் அதை வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள். கொடுக்காமல் விட்ட சம்பளத்தை இத்தகைய காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. நீங்கள் வாங்கும் காப்பீடு எவற்றை ஏற்கும்? வாங்கும் நாளில் உங்களுக்குத் தெரிந்திருந்த தகராறு சேருமா? கோரிக்கை வந்ததை எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும்? இந்த மூன்றாவதில் தவறி, பல ஆண்டுகள் கட்டிய காப்பீட்டின் பயனை இழப்பவர்கள் உண்டு. முதல் நோட்டீஸ் வந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் அதை வெட்கமாக நினைக்காதீர்கள். வழக்கில் வென்றாலும் வக்கீல் செலவு திரும்பி வராத நாடுகள் பல. உங்கள் நேரம் எங்கும் திரும்பி வராது. ஆனால் 'இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நம்ப வேண்டாம். குறைந்தபட்சக் கூலி போன்ற சில உரிமைகளைத் தொழிலாளி நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. பிரிட்டனில் இத்தகைய ஒப்பந்தம் செல்ல, பொதுவாகத் தொழிலாளி தனியான ஒரு சட்ட ஆலோசகரிடம் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர் வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும்போது, பொதுவாக யோசிக்க 21 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாற 7 நாளும் தர வேண்டும். சமரசத் தொகையை அதே கையெழுத்தின்போது கொடுக்காமல், இந்தக் காத்திருப்புக் காலம் முடிந்ததும் கொடுக்கும்படி எழுதுங்கள். அந்த ஒப்பந்தத்திலேயே அவருக்கு நீங்கள் தரப்போகும் அனுபவச் சான்றிதழின் வாசகத்தையும் முடிவுசெய்து இணைத்துவிடுங்கள். பேச்சுவார்த்தையில் பணத்தைவிட அதை முக்கியமாகக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.